குறிப்பு அவர்களுடையது, அடுப்பு நம்முடையது

வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். "குறிப்பில் சொன்னபடியேதான் செய்தேன், ஆனாலும் சரியாக வரவில்லை." எழுதியவர் வீட்டு டம்ளரின் அளவும், அவர் ஊர்க் கடையில் கிடைக்கும் மாவும், அவர் அடுப்பின் தீயும் குறிப்பில் எழுதப்படாமலே இருக்கும். அதைக் கண்டுபிடித்து நம் வீட்டுக்கு மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

'ஒரு கப்' என்று எல்லாக் குறிப்புகளிலும் வருகிறது. நான் காபி டம்ளரில் அளக்கிறேன். சில சமயம் சரியாக வருகிறது, சில சமயம் சொதப்புகிறது. கப் என்றால் எத்தனை மி.லி.?
— வாசகி, திருச்சி

அமெரிக்கக் குறிப்பு என்றால் 240 மி.லி. ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் 250 மி.லி.; அங்கே மேசைக்கரண்டியும் 15 அல்ல, 20 மி.லி. ரைஸ் குக்கரோடு வரும் குட்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான். நம் வீட்டு டம்ளர் 150-லிருந்து 200 வரை எதுவாகவும் இருக்கலாம். உங்கள் டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் சரியாக வருவதற்கும் காரணம் இருக்கிறது. இட்லி மாவு, பொங்கல், உப்புமா இவையெல்லாம் விகிதத்தில் நிற்பவை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் எந்தப் பாத்திரத்தில் அளந்தாலும் ஒன்றுதான். சிக்கல் வருவது கப்பும் கரண்டியும் கலந்து வரும் குறிப்புகளில். "2 கப் மைதா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர்" என்று இருக்கும்போது மைதாவை 160 மி.லி. டம்ளரில் அளந்துவிட்டு, பவுடரை மட்டும் சரியான 5 மி.லி. கரண்டியில் போட்டால், மாவுக்கு ஒன்றரை மடங்கு பவுடர் விழுகிறது. கேக் பொங்கி நடுவில் அமுங்கிவிடும். உப்பு, ஈஸ்ட், ஆப்ப சோடா எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மைதாவை அளக்கும் விதமும் முக்கியம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 240 மி.லி. கப்பில் 140-150 கிராம் ஏறிவிடும். கரண்டியால் தளர்வாகப் போட்டுக் கத்தியால் தலைதட்டினால் 120-125 கிராம். இரண்டு கப்புக்கு 50 கிராம் வித்தியாசம் வந்தால் கேக் வறண்டுதான் இருக்கும். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 240 மி.லி. கப்புக்கு மைதா 120 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 225 கிராம் என்று டப்பா மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்பில் வரும் தேக்கரண்டி பெரும்பாலும் தூள் உப்பைத் தலைதட்டி அளந்தது. ஏறக்குறைய 6 கிராம். கல் உப்பு போடுகிறவர்கள் கல்லின் பருமனைப் பொறுத்து ஒன்றேகால் முதல் ஒன்றரைத் தேக்கரண்டி போட்டால்தான் அதே உப்பு வரும்.

பனீர் பட்டர் மசாலா செய்தேன். ஓட்டலில் வரும் சிவப்பு வரவில்லை. குழம்பு வாசனை அடிக்கிறது. மிளகாய்த்தூள் சொன்ன அளவுதான் போட்டேன்.
— வாசகி, விருதுநகர்

நீங்கள் போட்டது குழம்பு மிளகாய்த்தூளாக இருக்கும். மில்லில் மல்லியும் சேர்த்து அரைத்த தூளைத்தான் நம் வீடுகளில் பலர் 'மிளகாய்த்தூள்' என்று சொல்கிறோம். வடஇந்தியக் குறிப்பு எழுதுகிறவருக்கு அது தனி மிளகாய்த்தூள், அதுவும் பெரும்பாலும் காஷ்மீரி. நிறம் அதிகம், காரம் குறைவு. அதனால்தான் அவர்கள் ஒரு மேசைக்கரண்டி என்று தாராளமாக எழுதுகிறார்கள். அதே அளவுக்குக் குண்டூர் மிளகாய்த்தூள் போட்டால் வாயில் வைக்க முடியாது.

காஷ்மீரித் தூள் கிடைக்காவிட்டால் நாலைந்து பியாடகி மிளகாயை (நிறம் அதிகமும் காரம் குறைவுமான கர்நாடக வற்றல் மிளகாய்) விதை நீக்கி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேருங்கள். மிளகாயின் நிறம் தண்ணீரில் இறங்காது, கொழுப்பில்தான் இறங்கும். ஆகவே தீயைச் சிம்மில் வைத்து, வெண்ணெயில் தூளைப் போட்டு 10 விநாடி கிளறியதும் தக்காளி விழுதை ஊற்றிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கருகிக் கசக்கும்.

கசூரி மேத்தி இல்லையென்று வெந்தயப் பொடி போடாதீர்கள், கசப்புதான் மிஞ்சும். வெந்தயக்கீரையை நிழலில் மொறுமொறுவென்று காயவைத்து, உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் அதே வாசனை.

சாமை இட்லி. குறிப்பில் சாமை 4, உளுந்து 1. மிக்ஸியில் அரைத்தேன். மாவு பொங்கியது. ஆனால் இட்லி தட்டையாக, நடுவில் பிசுபிசுவென்று வந்தது. எங்கே தப்பு?
— வாசகர், சேலம்

இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது.

முதலாவது சாமை. இட்லி அரிசி புழுங்கல். நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து, ஆறி, அதன் மாவுச்சத்து இறுகிப்போனது. அதனால்தான் இட்லி ஒட்டாமல் பூவாக வருகிறது. கடையில் வாங்கும் சாமை பெரும்பாலும் பச்சை. பச்சரிசியில் மட்டும் இட்லி ஊற்றினால் எப்படிப் பிசுபிசுக்குமோ அப்படித்தான் இதுவும். புழுங்கல் சாமை கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் சாமையோடு பாதி அளவு இட்லி அரிசி சேருங்கள்.

இரண்டாவது மிக்ஸி. 4:1 என்பது கிரைண்டர் கணக்கு. கிரைண்டரில் உளுந்து அரை மணி நேரம் ஓடிக் காற்றை வாங்கிப் பந்துபோல் உப்புகிறது. மிக்ஸியில் அவ்வளவு காற்று சேராது, சூடும் ஏறும். மாவைப் பொங்க வைப்பது லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் விடும் வாயு. அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. உளுந்து குறைந்தால், அல்லது சரியாக அரைபடாவிட்டால், மாவு பாத்திரத்தில் பொங்கும். தட்டில் ஊற்றி ஆவி பட்டதும் வாயு ஓடிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். மிக்ஸி என்றால் 3:1 வையுங்கள்.

சாமை 300 கிராம், இட்லி அரிசி 150 கிராம், முழு வெள்ளை உளுந்து 150 கிராம், வெந்தயம் 1 தேக்கரண்டி. சாமையும் அரிசியும் 4-5 மணி நேரம் ஊறட்டும். உளுந்தும் வெந்தயமும் தனியாக 2 மணி நேரம். கடைசி அரை மணி ஃபிரிட்ஜில். உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 200 மி.லி. தண்ணீர், நாலு தவணையாக. ஜாரைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரிந்தால் நிறுத்தி ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவைப் போட்டால் அது மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரையவில்லை. சாமையையும் அரிசியையும் மெல்லிய ரவைப் பதத்துக்கு அரைத்தால் போதும். வெண்ணெய்போல் அரைத்தால் மறுபடி பிசுபிசுப்பு.

தூள் உப்பு 2 தேக்கரண்டி போட்டு, கையாலேயே ஒரு நிமிடம் நன்றாகக் கலந்து, பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரத்தில் மூடிவையுங்கள். சிறுதானிய மாவு அரிசி மாவைவிடச் சீக்கிரம் புளிக்கும். வெயில் காலத்தில் 6 மணி நேரத்திலேயே திறந்து பாருங்கள். மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகலாம். மாவு மேடாக இருக்கும்போதே ஊற்றிவிட வேண்டும். நடுவில் குழி விழுந்து புளிப்பு வாசனை அடித்தால் பொழுது தாண்டிவிட்டது. அந்த மாவைத் தோசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊற்றும்போது மாவைக் கலக்காதீர்கள். ஓரத்திலிருந்து கரண்டியால் அப்படியே மொண்டு ஊற்றுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டு உள்ளே போக வேண்டும். 12 நிமிடம். இறக்கி 3 நிமிடம் கழித்து எடுத்தால் ஒட்டாமல் வரும்.

ஓவன் இல்லை. குக்கரில் கேக் செய்தேன். குறிப்பில் 350 டிகிரி, 35 நிமிடம், 8 அங்குல டின். என்னிடம் 6 அங்குல டின்தான் இருந்தது. அடி கருகி, நடு வேகவில்லை.
— வாசகி, நாகர்கோவில்

350 என்பது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். ஆனால் இங்கே தவறு டிகிரியில் இல்லை, டின்னில்தான். வட்ட டின்னின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டெட்டு 64, ஆறாறு 36. எட்டங்குல டின் மாவை ஆறங்குல டின்னில் ஊற்றினால் உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சூடு நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் அடி கருகிவிடுகிறது. ஆறங்குல டின் என்றால் குறிப்பின் அளவில் பாதி போதும். டின்னில் பாதி உயரம், அதிகபட்சம் முக்கால்வாசி வரைதான் மாவு இருக்கலாம்.

தினமும் பருப்பு வேகவைக்கும் குக்கரைத் தண்ணீரில்லாமல் காயவைப்பது நல்லதல்ல. வால்வும் பாத்திரமும் கெடும். மூடியுள்ள கனமான பழைய அலுமினியச் சட்டி அல்லது இரும்புச் சட்டியே போதும். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம். குக்கரில்தான் செய்வேன் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

சட்டியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வையுங்கள். டின் உப்பைத் தொடக் கூடாது. உங்கள் கேக்கின் அடி கருகியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்றுங்கள். அந்த உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆறியதும் டப்பாவில் போட்டு அடுத்த கேக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறங்குல டின்னுக்கு முட்டையில்லாத அளவு: மைதா 120 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 120 கிராம், எண்ணெய் 60 மி.லி., பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் 3 மேசைக்கரண்டி வரை. தயிரின் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்துதான் வாயு வருகிறது. அரைக் கப் தயிரின் புளிப்பு கால் தேக்கரண்டி சோடாவுக்குத்தான் சரியாக இருக்கும். நன்றாக உப்பட்டும் என்று அரைத் தேக்கரண்டி போட்டால் மிச்ச சோடா அப்படியே தங்கிச் சோப்பு ருசி தரும்.

உலர்ந்தவற்றை மூன்று முறை சலித்து, தயிர்-சர்க்கரை-எண்ணெய்க் கலவையில் சேர்த்து, மாவுக்கட்டி மறைந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் ரப்பர்போல் இழுபடும். கலந்த உடனே டின்னில் ஊற்றிச் சட்டிக்குள் வைத்துவிட வேண்டும். காத்திருந்தால் வாயு வீணாகும். சின்னத் தீயில் 35-45 நிமிடம். முதல் 25 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். நடுவில் குச்சி குத்தினால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும்.

பேக்கிங் பவுடர் பழசா என்று சந்தேகம் வந்தால் ஒரு தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போடுங்கள். நுரைத்துப் பொங்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ராஜ்மாவுக்கு 'ஹை பிரஷர் 30 நிமிடம்' என்கிறார்கள். அது எத்தனை விசில்?
— வாசகர், கோவை

விசிலை எண்ணாதீர்கள். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் நாலு விசில் வரும், சிம்மில் இருந்தால் ஒன்றுகூட வராது. உள்ளே அழுத்தம் வந்த பிறகு எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு.

அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் மின்சாரப் பிரஷர் குக்கருக்கு எழுதியவை. அதில் அழுத்தம் சற்றுக் குறைவு. உள்ளே சூடு 115-117 டிகிரி வரும். நம் அடுப்புக் குக்கர் 120 டிகிரியைத் தொடும். ஆகவே அவர்கள் சொன்ன நேரத்தில் முக்கால் பங்கு போதும். 30 நிமிடம் என்றால், முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து 22 நிமிடம். 'நேச்சுரல் ரிலீஸ்' என்றால் அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக ஆவி அடங்கும் வரை விடுவது.

ராஜ்மாவை 8 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஸ்லோ குக்கரில் ஊற்றி எட்டு மணி நேரம் விடச் சொல்லும் குறிப்பு கண்ணில் பட்டால் அப்படியே செய்ய வேண்டாம். ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் சூடு அதற்குப் போதாமல் போகலாம். அரைவேக்காட்டு ராஜ்மா கடும் வாந்தியில் கொண்டுபோய் விடும். முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டுப் பிறகு மாற்றினால் பயமில்லை.

கிரேவியில் தயிர் திரிகிறது, வெல்லப் பாயசத்தில் பால் திரிகிறது. தவிர்க்க வழி சொல்லுங்கள்.
— வாசகி, பாண்டிச்சேரி

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரைக் கொதிக்கும் கிரேவியில் கொட்டினால் புரதம் சட்டென்று சுருங்கித் திரிந்துவிடும். தயிரை வெளியே வைத்துக் குளிர் போனதும், ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி கடலைமாவு சேர்த்து நன்றாக அடியுங்கள். தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்து, முதலில் இரண்டு கரண்டி சூடான கிரேவியைத் தயிரில் கலந்து, பிறகு அதைச் சட்டியில் ஊற்றிக் கொதி வரும் வரை கிளறிக்கொண்டே இருங்கள்.

பாயசத்தில் குற்றவாளி வெல்லத்தின் புளிப்பும் உப்புகளும். அரிசியோ பருப்போ வெந்ததும் வடிகட்டிய வெல்லக் கரைசலைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு காய்ச்சி ஆறிய பாலை ஊற்றுங்கள். அதற்கப்புறம் அடுப்பில் ஏற்றக் கூடாது. தேங்காய்ப்பாலுக்கும் இதே முறைதான்: இரண்டாம் பால் கொதிக்கலாம், முதல் பால் இறக்கும்போதுதான்.

சைனீஸ் நூடுல்ஸுக்கு நல்லெண்ணெய் ஊற்றினேன், வாசனையே வேறு மாதிரி இருக்கிறது.
— வாசகர், மதுரை

அவர்கள் சொல்வது வறுத்த எள்ளில் எடுத்த கறுத்த எண்ணெய். அது தாளிக்க அல்ல. இறக்கியதும் அரைத் தேக்கரண்டி விடுவதற்கு. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. வீட்டில் ஒரு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்துத் தூவினால் அந்த வாசனை ஓரளவு வரும். இதேபோல் அமெரிக்கக் குறிப்பில் 'கார்ன் ஸ்டார்ச்' என்றால் நம் கடைச் சோளமாவு, அதாவது வெள்ளைக் கார்ன்ஃப்ளவர். அவர்களுடைய 'கார்ன் ஃப்ளவர்' மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவு. அது கெட்டிப்படுத்த உதவாது.

பச்சைப் பூண்டை நசுக்கி எண்ணெயில் ஊறவைத்தால் மூன்று மாதம் வெளியிலேயே கெடாது என்று ஒரு குறிப்பு. செய்யலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

செய்யாதீர்கள். பூண்டு மண்ணில் விளைவது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் அதற்குக் கொண்டாட்டம். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு அப்படிப்பட்ட இடம்தான். அது உண்டாக்கும் நச்சு நரம்பைத் தாக்கும், உயிரையே பறிக்கலாம். மணத்திலும் ருசியிலும் எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, உடனே ஃபிரிட்ஜில் வைத்து, 4 நாளில் தீர்த்துவிடுங்கள். அப்படியானால் பூண்டு ஊறுகாய் மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்கலாம். அதில் புளியோ எலுமிச்சையோ தாராளமாக இருக்கிறது, உப்பும் இருக்கிறது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த பாக்டீரியா வளராது. ஆகவே 'புளிப்பும் உப்பும் குறைத்த ஊறுகாய்' என்று வரும் குறிப்புகளை வெளியில் வைக்கும் ஊறுகாயாக நினைக்க வேண்டாம். அது ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டிய தொக்கு.

அரைக் கிலோ அரிசிக்கான பிரியாணிக் குறிப்பு நன்றாக வருகிறது. வீட்டு விசேஷத்துக்கு 2 கிலோ செய்யப்போகிறேன். எல்லாவற்றையும் நாலால் பெருக்கினால் போதுமா?
— வாசகி, ஆம்பூர்

அரிசி, கறி, உப்பு மூன்றையும் எடைபோட்டு நாலால் பெருக்குங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகாய்த்தூள் மூன்று மடங்கு போதும். குறைந்தால் கடைசியில் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. தண்ணீர் மூன்றரை மடங்கு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அந்த விகிதத்தில் வற்றாது. நாலு மடங்கு ஊற்றினால் அடி குழையும்.

வெங்காயத்தை மொத்தமாகக் கொட்டினால் வதங்காது, தண்ணீர் விட்டு வெந்துபோகும். இரண்டு தவணையாக வதக்குங்கள். நேரத்தை நாலால் பெருக்க வேண்டாம், வெங்காயத்தின் நிறத்தைப் பார்த்துச் செய்யுங்கள். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு ஒரு கல் தூக்கலாகத் தெரிந்தால்தான் அரிசி வெந்தபின் சரியாக இருக்கும்.

உயரமான அண்டாவைவிட அகலமான சட்டியே நல்லது. அரிசி முக்கால் வேக்காடு வந்து, தண்ணீர் அரிசிக்குச் சமமாக இறங்கியதும் தம் போடுங்கள்: அடியில் தோசைக்கல், சின்னத் தீ, 20 நிமிடம். அணைத்து இன்னும் 15 நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டு, ஓரத்திலிருந்து தட்டையான கரண்டியால் அடியோடு புரட்டுங்கள்.